நாட்குறிப்பும் கோட்டுருவும்: வங்காளத்து அன்றாடச் சித்திரங்கள், 1943–1947

1

கலை வரலாறு என்னும் பெயரில் எமக்குக் கிடைக்கும் நூல்களிற் பெரும்பாலானவை பேரோவியங்களின் வரலாறாகவே அமைந்துள்ளன. அரண்மனைச் சுவர்களையும் ஆலய விதானங்களையும் செல்வர்தம் கூடங்களையும் அணிசெய்த முற்றுப்பெற்ற படைப்புகளே அவற்றில் நிரல்படுத்தப்படுகின்றன. ஓவியனொருவன் நாள்தோறும் தன் கொப்பியிலும் கைக்கெட்டிய தாள்துண்டிலும் வரைந்து வந்த சிறு சித்திரங்கள், அப்பேரோவியங்களுக்கான பூர்வாங்க முயற்சிகள் என்ற அளவிலேயே பேசப்படுகின்றன. இவ்வேறுபாட்டை அளவு பற்றிய ஒன்றாக மட்டும் கொள்ளுதல் தவறாகும். பேரோவியத்திற்குப் புரவலன் வேண்டும், இடம் வேண்டும், மாதக்கணக்கில் கவலையின்றி உழைக்கும் அவகாசம் வேண்டும். இவற்றைத் தரவல்ல வர்க்கத்தின் சுவையே காலப்போக்கில் கலையின் பொது அளவுகோலாக நிலைபெற்றது.

அன்றாடச் சித்திரத்தைப் பற்றி இருவகைப்பட்ட கருத்துகள் நிலவுவதை அவதானிக்கலாம். நாள்தோறும் வரைதல் என்பது கலைஞனின் அந்தரங்கப் பயிற்சி, அவனது ஆன்ம சாதனை என்பர் ஒருசாரார். மறுசாரார் எமது அணியைச் சேர்ந்தவர்கள். இத்தகைய சித்திரங்கள் ஒரு காலகட்டத்துப் பிரசாரத் தேவையை நிறைவேற்றியவை. தேவை தீர்ந்ததும் அவற்றின் பெறுமதியும் தீர்ந்தது என்பது இவர்தம் நிலைப்பாடு. முதற்கூற்று சித்திரத்தைச் சமுதாயத்திலிருந்து பிரிக்கின்றது. இரண்டாவது அதனைக் கலையிலிருந்து பிரிக்கின்றது. சித்திரம் எத்தகைய நிலைமைகளில், எவர்க்காக, எந்தக் கையினால் உருவாயிற்று என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை.

இவ்வினாவை எழுப்பி ஆராய்வதற்கு 1943ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டு வரையிலான வங்காளம் மிகப் பொருத்தமான களமாகும். சித்தப்பிரசாத், ஜைனுல் ஆபிதீன், சோம்நாத் ஹோர் ஆகிய மூவரும் இக்காலப்பகுதியில் வரைந்தவை சிறிய தாள்களில், பெரும்பாலும் கறுப்பு மையினால், நேரிற் கண்டு வரையப்பட்டவை. அவை சிறியனவாக இருந்தமைக்கும் அன்றாடம் வரையப்பட்டமைக்கும் திட்டவட்டமான வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. அதனினும் முக்கியமானது, இடைவிடாத இப்பணியினூடாக வரையப்பட்ட மனிதனின் உருவமே மாற்றமடைந்தமையாகும். இம்மாற்றத்தை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

இச்சித்திரங்களுக்கு முன்னோடி மரபுகள் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கல்கத்தாவின் காளிகட்டக் கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த படுவா ஓவியர்கள், ஆலைகளில் உற்பத்தியான மலிவுத் தாளில் விரைந்த தூரிகை வீச்சினால் தேவ உருவங்களையும் நகரத்து 'பாபு'க்களின் கோலத்தையும் வரைந்து யாத்திரிகருக்கு அற்ப விலைக்கு விற்றனர். குடும்பமாகக் கூடியிருந்து அன்றன்று வரைந்து அன்றன்று விற்ற தொழில் அது. இயந்திரத்தில் அச்சான வண்ணப்படங்கள் சந்தைக்கு வந்ததும் இக்கலை நலிவுற்றது. கைத்தொழிலை எந்திரப் பண்டம் அழித்த பொதுவரலாற்றின் ஓர் அத்தியாயமே இது.

சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் நீண்டகாலம் தலைமைப் பொறுப்பு வகித்த நந்தலால் போஸ் வேறொரு மரபைத் தோற்றுவித்தார். அஞ்சலட்டையளவான தாள்களில் மரத்தையும் மாட்டையும் சந்தாலர் குடிசையையும் இடையறாது வரைந்து வருதல் அவரது வழக்கம். மாணவரும் வகுப்பறையை விட்டு வெளியே சென்று வரையப் பழக்கப்பட்டனர். காந்தியடிகளின் வேண்டுகோளின்படி 1938இன் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டிற்கென அவர் தீட்டிய சுவரொட்டிகளில் மத்தளக்காரரும் தச்சரும் நெல்குற்றும் பெண்களும் இடம்பெற்றமை இப்பழக்கத்தின் பயனேயாகும். அங்கு உழைப்பு உண்டு. உழைப்பின் விளைவு எவரைச் சென்றடைகின்றது என்ற வினா இல்லை. தேசிய முதலாளித்துவம் கிராமத்தை நோக்கிய பார்வையின் சிறப்பும் வரையறையும் இதில் ஒருங்கே புலப்படுகின்றன.

இவ்விரு மரபுகளும் விரைவையும் எளிமையையும் நேரிற் காணும் கண்ணையும் வழங்கின. எனினும், 1943இன் வங்காளம் விடுத்த சவாலுக்கு இவை மட்டும் போதுமானவையாக இருக்கவில்லை.

3

1943ஆம் ஆண்டின் பஞ்சம் இயற்கையின் சீற்றத்தால் விளைந்ததன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரியின் கையிற் சிக்கிவிடக்கூடாது என்ற காரணங் காட்டிக் கரையோர மாவட்டங்களில் அரிசியையும் ஆயிரக்கணக்கான தோணிகளையும் பிரித்தானிய நிர்வாகம் அகற்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் தாக்கியது. யுத்தச் செலவினால் ஏற்பட்ட பணவீக்கமும் வர்த்தகரின் பதுக்கலும் அரிசியின் விலையை நிலமற்ற கூலியாளின் கைக்கெட்டா உயரத்திற்கு ஏற்றின. 1945இல் அறிக்கையளித்த அரசாங்க விசாரணைக் குழு ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இறந்ததாகக் கணித்தது. 1981இல் வெளியான தமது நூலில் அமர்த்தியா சென் அத்தொகையை ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிட்டார். இத்தனைக்கும், பஞ்சகாலத்துக்குரிய சட்டவிதிகளின்படி 'பஞ்சம்' என முறையாகப் பிரகடனஞ்செய்ய அரசு முன்வரவில்லை. ஒரு சொல்லை மறுப்பதன் மூலம் ஒரு கடமையை மறுக்க முடிந்தது.

இந்நிலையில், கண்ணாற் கண்டதைத் தாளிற் பதிதலே ஓர் அரசியற் செயலாயிற்று. கல்கத்தா அரசினர் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபிதீன், தெருக்களில் வந்து வீழ்ந்த கிராமத்து மக்களை மலிவான பொதிதாள்களில் கறுப்பு மை கொண்டு வரைந்தார். தாயின் வறண்ட மார்பைத் தேடும் குழந்தை, குப்பைத் தொட்டியில் நாயோடும் காகத்தோடும் போட்டியிடும் மனிதர் ஆகிய காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஈரம் குன்றிய தூரிகையைத் தாளில் இழுத்துச் செல்லும்போது கோடு உடைந்து சொரசொரப்பாகின்றது. பின்னணியென எதுவும் இல்லை, வீதியின் பெயரில்லை, வானமில்லை. யுத்தகாலத்தில் ஓவியப் பொருள்களின் விலையேற்றமும் தட்டுப்பாடும் இச்சிக்கனத்தைக் கட்டாயமாக்கின என்பது உண்மை. ஆயினும், கட்டாயத்தைப் பண்பாக்கிக் கொண்டமையே அவரது சாதனை. தாளின் வறுமையும் மனிதனின் வறுமையும் அங்கு ஒன்றையொன்று விளக்குகின்றன.

சித்தப்பிரசாத்தின் வழி சற்று வேறுபட்டது. கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியராக இருந்த அவர், 1943 நவம்பரில் மேதினிப்பூர் மாவட்டத்தினூடாகப் பயணஞ்செய்து, கண்டோரை வரைந்தும் கேட்டவற்றை எழுதியும் ஓர் அறிக்கையை உருவாக்கினார். 'பசித்த வங்காளம்' என்ற பொருள்படும் தலைப்பில் அது பம்பாயில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 5,000 பிரதிகளை அரசு கைப்பற்றி எரித்தது. குடும்பத்தாரிடம் எஞ்சிய பிரதியொன்றைக் கொண்டு 2011இல் அது மீண்டும் அச்சாயிற்று. இந்நூலின் தனிச்சிறப்பு யாதெனில், வரையப்பட்டோர் 'பசித்தோர்' என்ற பொதுப்பெயருள் மறைந்துவிடாமையே. இன்னார், இன்ன ஊரினர், இன்னதை இழந்தவர் என்ற குறிப்புகள் சித்திரங்களோடு இணைந்து வருகின்றன. புள்ளிவிபரத்தையே மறைக்க முயன்ற ஆட்சியின்கீழ் ஒரு மனிதனின் பெயரை எழுதி வைத்தல் அற்பமான காரியமன்று.

இச்சித்திரங்களின் வடிவத்தை நிர்ணயித்த பிறிதொரு காரணியையும் ஈண்டு குறிப்பிடுதல் வேண்டும். அது அச்சுக்கூடம். புகைப்படத்தைப் பத்திரிகைத் தாளில் அச்சிடுவதற்குப் புள்ளித்திரை கொண்டு தயாரிக்கப்படும் அச்சுக்கட்டை வேண்டும். மட்டமான தாளில் அது தெளிவிழந்து கருமை படர்ந்துவிடும். அழுத்தமான கறுப்புக் கோட்டினால் ஆன சித்திரத்திற்கோ எளிய கோட்டுக்கட்டை போதும், செலவும் குறைவு. கட்சியின் வார ஏடுகளுக்கு உகந்த வடிவம் கோட்டுச் சித்திரமே என்பது இதனாற் பெறப்படும். ஏடு வெளிவரும் நாள் நெருங்க நெருங்கச் சித்திரமும் வந்தாக வேண்டும். ஓவியனின் 'உள்ளுந்துதல்' வரும் வரை அச்சுக்கூடம் காத்திருப்பதில்லை.

4

சோம்நாத் ஹோர் 1921இல் சிட்டாகொங் மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிறந்தவர். 1942இல் அம்மாவட்டத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது இறந்தோரையும் காயமுற்றோரையும் வரைந்ததே அவரது தொடக்கம். பஞ்சகாலத்தில் சிட்டாகொங்கில் சித்தப்பிரசாத்துடன் ஏற்பட்ட தொடர்பு அவரது கையையும் கண்ணையும் உருவாக்கியது. பசியாலும் நோயாலும் துவண்டு கிடப்போரை நேரில் அணுகி வரையுமாறு தூண்டியவர் சித்தப்பிரசாத் என்பதை ஹோர் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் அவர் கல்கத்தா கலைக் கல்லூரியிற் சேர்ந்தபோது அங்கு ஜைனுல் ஆபிதீன் ஆசிரியராக இருந்தார். முன்னர் விவரித்த இரு வழிகளும் இம்மாணவரிடம் வந்து சந்தித்தன எனலாம்.

1946 டிசம்பரில் கட்சி அவரை வடவங்காளத்து ரங்பூர் மாவட்டத்திற்கு அனுப்பியது. அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்த தேபாகா இயக்கத்தைப் பதிவுசெய்வதே பணி. 'தேபாகா' என்பது மூன்று பங்கைக் குறிக்கும். நிலவுடைமையாளரான ஜோத்தேதாரின் காணியை வாரத்துக்குச் செய்யும் குடியானவர்கள் விளைச்சலிற் பாதியைக் கொடுத்து வந்தனர். விதைநெற் கடன், வட்டி, பற்பல வெட்டுகள் ஆகியன போக அவர்களுக்கு எஞ்சியது பாதியிலும் குறைவே. மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு உரியது என 1940இல் அரசாங்கமே நியமித்த நிலவருவாய் ஆணைக்குழு பரிந்துரைத்திருந்தது. அப்பரிந்துரை ஏட்டளவில் உறங்கிக்கொண்டிருந்த நிலையில், 1946 செப்டெம்பரில் வங்காள மாகாண விவசாயிகள் சங்கம் அதனை நேரடி நடவடிக்கையாக்கத் தீர்மானித்தது.

அந்நடவடிக்கையின் இயல்பை விளங்கிக்கொள்வது எமது ஆய்வுக்கு இன்றியமையாதது. வழக்கப்படி அறுத்த நெல்லை ஜோத்தேதாரின் களத்திற் கொண்டுசென்று சூடு வைக்க வேண்டும். சூடு எவருடைய களத்தில் நிற்கின்றதோ அவரே பங்கீட்டின் எசமானர். ஆகவே நெல்லைத் தமது களத்திலேயே சூடு வைப்பது என்பது இயக்கத்தின் மையக் கோரிக்கையாயிற்று. இன்றொரு வயல், நாளையொரு வயல் என ஊரார் திரண்டு அறுத்து, சுமந்து, தம் களத்தில் அடுக்கி, இரவிற் காவல் இருக்க வேண்டும். இது ஒரே நாளில் முடிவுறும் சமரன்று. ஒவ்வொரு நாளும் புதிதாக வெல்லப்பட வேண்டிய போராட்டம் அது.

ஹோரின் ரங்பூர்ப் பதிவு நாட்குறிப்பும் சித்திரமும் இணைந்த வடிவம் பெற்றமைக்கான காரணம் இங்கேயே உள்ளது என்பது எமது கருத்து. போராட்டம் நாளாந்தமாக நிகழ்ந்தது; பதிவும் நாளாந்தமாயிற்று. அறுவடை, கதிர்க்கட்டுகளைச் சுமந்து செல்லுதல், களத்தில் அடுக்குதல், இராக்கூட்டம், ஓய்ந்திருக்கும் உழவன் ஆகியவை அவரது பொருள்களாயின. உச்சக்கட்டமொன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிய துணியில் தீட்டும் வரலாற்று ஓவியத்தின் முறை இதற்குப் பொருந்தியிராது. அத்தகைய ஓவியத்திற்கு ஒரு நாயகன் தேவை. ஒரு கணம் தேவை. இங்கு நாயகன் பலர், கணங்கள் பல. ஒரு சித்திரம் தனித்து நின்று எதனையும் முடித்து வைப்பதில்லை. அடுத்த நாளின் சித்திரத்தை அது எதிர்நோக்குகின்றது.

அக்காலச் சூழலும் மறக்கற்பாலதன்று. 1946 ஓகஸ்டில் கல்கத்தாவில் இந்து–முஸ்லிம் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒக்டோபரில் நவகாளி எரிந்தது. அதற்கு இரு மாதங்களின் பின் வடவங்காளத்தில் ராஜவம்சி இனத்து வாரக்குடிகளும் முஸ்லிம் வாரக்குடிகளும் ஒரே கோரிக்கையின்கீழ் நின்றனர். 1947 ஜனவரி 4ஆம் நாள் அயல் மாவட்டமான தினாஜ்பூரின் சிரிர்பந்தரில் பொலிசாருடன் நேர்ந்த மோதலில் வீழ்ந்தோர் சமிருத்தீன் என்ற முஸ்லிம் கூலியாளும் சிவராம் என்ற சந்தாலருமாவர். மதத்தின் பேரால் மக்களைக் கூறுபோட்ட அந்தக் குளிர்காலத்தில், வர்க்கத்தின் பேரால் அவர்கள் கூடினர் என்பதற்கு ஹோரின் தாள்கள் சான்றாகின்றன.

இப்பொழுது எமது மையக்கருத்துக்கு வரலாம். பஞ்சச் சித்திரங்களையும் தேபாகாச் சித்திரங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஒரு வேறுபாடு உடன் தென்படும். முன்னவற்றில் மனிதன் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கின்றான். அவன் முகம் பசியின் முகம். பின்னவற்றில் உழவனுக்குத் தனக்கேயுரிய முகம் உண்டு. பஞ்சத்தில் வீழ்ந்து கிடப்பவனிடம் ஓவியன் அனுமதி கேட்பதில்லை. மறுக்கும் வலு அவனிடம் இல்லை. உருவப்படம் வரைவதற்கோ எதிரில் இருப்பவன் இசைந்து அமர வேண்டும்; எழுந்து போய்விடவும் அவனால் முடியும். சித்திரம் இங்கு ஓர் உடன்படிக்கையாகின்றது. கருணைக்குரிய பொருளாயிருந்த மனிதன் வரலாற்றின் கர்த்தாவாக மாறும்போது அவனை வரையும் கோடும் மாறியாக வேண்டும். 1943இலிருந்து 1946 வரை இடையறாது வரைந்து வந்த கைக்கே அம்மாற்றம் புலனாயிற்று. அன்றாடப் பயிற்சியின் பயன் கைத்திறன் பெருகுவது மட்டுமன்று. பழகிய கோடு இன்று பொய்யாகிவிட்டது என்பதை உணரும் ஆற்றலும் அதனால் விளைகின்றது.

5

இக்கலைஞர்களை மிகைபடப் புகழ்தல் எமது நோக்கமன்று. இவர்களது பணியில் தீர்க்கப்படாத முரண்பாடுகள் உள்ளன. வரைந்தோர் கல்வி கற்ற மத்தியதர வர்க்கத்தினர், வரையப்பட்டோர் அவ்வாறல்லர். வாரக்குடி தன்னைத் தானே வரைந்துகொண்ட சித்திரம் எதுவும் எம்மிடம் இல்லை. ஏடுகளை வாசித்தோரும் பெருமளவுக்கு நகரத்தவரே. எழுத்தறியாதோரும் படத்தைப் பார்க்கலாம் என்று கூறுவதால் இவ்வினா முற்றாகத் தீர்ந்துவிடாது. 1931இல் லூ சுன் ஷங்ஹாயில் மரச்செதுக்கு வகுப்பொன்றை ஒழுங்குசெய்து இளைஞரைப் பயிற்றியபோது எதிர்நோக்கிய பிரச்சினையும் இதுவே: மக்களைப் பற்றிய கலையிலிருந்து மக்களுடைய கலைக்குச் செல்லும் தூரம் நெடியது.

இயக்கமும் தோல்வியைச் சந்தித்தது. 1947 ஜனவரியில் வெளியிடப்பட்ட வாரக்குடிகள் மசோதா கைவிடப்பட்டது, அடக்குமுறை மிகுந்தது, ஓகஸ்டில் நாடு பிரிக்கப்பட, ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. ஹோர் எல்லையின் மறுபுறத்தில் வாழ்ந்தார். அவரது கொப்பிகள் நீண்டகாலம் பரவலான கவனத்தைப் பெறவில்லை. 1990இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த பின்னரே வங்காளத்துக்கு அப்பாலும் அறியப்பட்டன. இதற்கிடையில் மேற்கு வங்கத்தில் 1978இல் வாரக்குடிகளைப் பதிவுசெய்யும் இயக்கம் தொடங்கியது. வங்காளதேசத்தில் 1984இன் நிலச்சீர்திருத்தச் சட்டம் விளைச்சலை மூன்றாக வகுத்து, ஒரு பங்கு நிலத்திற்கும், ஒரு பங்கு உழைப்பிற்கும், எஞ்சியது செலவை ஏற்றவர்க்கும் உரியதென விதித்தது. சட்டம் ஏட்டில் ஏறியமையும் அது வயலில் நடைமுறையாவதும் ஒன்றல்ல. எனினும் 1946இல் களத்திற் சூடு வைத்தோரின் கணக்கு அரச ஏட்டில் ஏறுவதற்கு 38 ஆண்டுகள் சென்றன என்பது கவனிக்கத்தக்கது.

ஹோரின் கையும் அக்கொப்பிகளை மறக்கவில்லை. ரங்பூர்ச் சித்திரங்களை அடியொற்றிப் பின்னர் அவர் மரச்செதுக்குகளை உருவாக்கினார். 1970களில் சாந்திநிகேதனத்தில் அவர் உருவாக்கிய 'காயங்கள்' என்ற வரிசையில் உருவங்கள் இல்லை; வெண்மையான தாட்கூழில் வெட்டும் கீறலும் மட்டுமே உள்ளன. மேலோட்டமாக நோக்குவோர் இதனை யதார்த்தத்திலிருந்து அரூபத்துக்கு ஓடியமை என்பர். எம்மால் அதனை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பஞ்சத்திலும் போரிலும் மனித உடலில் நாள்தோறும் கண்டு கோட்டினாற் குறித்தவற்றை இப்போது தாளின் உடலிலேயே அவர் வெட்டினார். இருபத்தைந்தாண்டுக்கு மேலாகக் கையிற் தங்கிய நினைவு அது. 2006இல் அவர் மறையும்வரை அந்நினைவு அவரது வெண்கல உருவங்களிலும் தொடர்ந்தது.

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, அன்றாடச் சிறு சித்திரம் பேரோவியத்தின் நிழலன்று என்பது தெளிவாகும். தாளின் விலை, அச்சுக்கட்டையின் தன்மை, நடந்து செல்ல வேண்டிய தூரம், போராட்டத்தின் நாளாந்த இயல்பு ஆகியவற்றால் நிர்ணயிக்கப்பட்ட தனிவடிவம் அது. அவ்வடிவத்தினுள் நின்று உழைத்த கலைஞர், தாம் வரைந்த மக்களின் மாற்றத்தினாலேயே தாமும் மாறினர். இன்று இத்தாள்களிற் சில ஏலக்கூடங்களில் பெருவிலைக்குப் போகின்றன. பொதிதாளில் வரையப்பட்ட பசி செல்வர்தம் கூடத்தை அடைந்துவிட்ட முரண், கலையின் குற்றமன்று; அதனை வாங்கி விற்கும் சமுதாயத்தின் குற்றம். ஆய்வாளராகிய எமது கடமை, விலையேறிய தாளை வியப்பதோடு நின்றுவிடாது, பழைய ஏடுகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் சிதறிக் கிடக்கும் பெயர் தெரியாத கோட்டுச் சித்திரங்களைத் தேடித் தொகுத்து, அவை வரையப்பட்ட நாளையும் ஊரையும் வரையப்பட்டோரின் பெயரையும் இயன்றவரை மீட்டெடுப்பதாகும். சித்தப்பிரசாத் மேதினிப்பூரில் 1943இல் செய்தது அதுவே.